பல் பாறையில் உருகாத தண்ணீர்

வாரோவுக்கு எங்கள் ஊரின் வீடுகளை விட அவற்றின் கூரைகளைத்தான் நன்றாகத் தெரியும். தெருவில் போகும்போது ஒரு வீட்டைக் காட்டி, அங்கே குடியிருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். "அந்த மாடியில வடக்கு மூலை ஊறிக் கிடக்கு, கால வெச்சா நேரா அவங்க சமையக்கட்டுல போய் நிப்ப" என்பான். எங்கள் பாலைவன ஊரான மெஹிகாலியில் ஏர்கூலரும் ஏ.சி.யும் கூரை மேல்தான் உட்கார்ந்திருக்கும். அவற்றைப் பழுது பார்ப்பது என் புருஷனான அவனுடைய தொழில். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை எங்கள் வீட்டுக்குள் இருந்ததை விட அடுத்தவர் வீட்டு உச்சியில் அவன் இருந்த நேரம்தான் அதிகம்.

முழுப்பெயர் எவரிஸ்தோ லிசாராகா. அந்தப் பெயர் ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும்தான் பயன்பட்டது. பருத்தி எடுக்கத் தெற்கே சினலோவாவிலிருந்து வந்த குடும்பம். பருத்தி விவசாயம் நொடித்துப் போனபோது குடும்பம் திரும்பிப் போனது. இவன் மட்டும் ஒரு குளிர்பதனக் கடையில் கம்ப்ரஸர் கழுவிக்கொண்டு தங்கிவிட்டான்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது விடுதிக் கூரையில் கூலரின் மோட்டார் எரிந்துபோனது. வெயில் ஐம்பதைத் தொட்டிருந்த நாள். மேலிருந்து ஒரு குரல், "யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்க, புண்ணியமாப் போகும்" என்றது. மற்ற பெண்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். நான் ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது பாதித் தண்ணீர் என் சட்டையில் இருந்தது.

"ஏணியில இப்படியா ஏறுவாங்க?" என்றான் அவன். நன்றி கூடச் சொல்லவில்லை. "கல்லுல ஏறுற மாதிரி ஏறணும். ஒரு நேரத்துல ஒரு கையோ ஒரு காலோ, ஒண்ணுதான் நகரணும். மத்த மூணும் இருந்த இடத்துல இருக்கணும்."

"நான் கல்லுல ஏறுனதே இல்ல."

"அப்படியா? ஞாயித்துக்கிழமை உனக்கு என்ன வேலை?"

ருமோரோசாவுக்குப் போனோம். எங்கள் சமவெளி மேற்கில் முடிகிற இடத்தில், யாரோ வண்டி வண்டியாகக் கொண்டு வந்து கொட்டியது போலக் கருங்கல் உருண்டைகள் மலை உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். ஊரில் வசதி உள்ளவர்கள் கோடையில் வெயிலுக்குப் பயந்து அங்கே ஓடுவார்கள். மரவீடுகளை வாடகைக்கு எடுத்து, இறைச்சி சுட்டு, பிள்ளைகளைப் பாறைகளில் விட்டுவிட்டு, சாயங்காலம் போர்வை போர்த்திக்கொண்டு உட்காருவார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஊரே மலைக்கு ஓடும் காலம்தான் வாரோவுக்கு வேலைக் காலம். ஆகவே கல்யாணமான பின், எல்லோரும் இறங்கி வந்த பிறகு, ஒவ்வொரு வருஷமும் நவம்பர் மாதத்து முதல் ஞாயிறன்று நாங்கள் ஏறுவோம். மகள் மரிக்ரூஸ் பிறந்த வருஷம் மட்டும் போகவில்லை.

பெரிய மலையேற்றம் ஒன்றும் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் மணல் ஓடையிலும் கற்றாழைகளுக்கு நடுவிலும் நடக்க வேண்டும். அதன் பிறகு கையையும் காலையும் வைத்துப் பாறை மேல் பாறையாகத் தொற்றிப் போக வேண்டும். வழியில் ஒரு பாறை தேரை மாதிரி குந்தியிருக்கும். அதைத் தாண்டினால் ஓர் இடுக்கு, பிறகு சாய்ந்த பலகை போன்ற ஒரு கல். எல்லாவற்றுக்கும் மேலே, வேர் தெரியப் பிடுங்கி வைத்த கடைவாய்ப் பல் போல ஒரு பாறை நிற்கும். நாங்கள் அதைப் பல் என்றே சொல்வோம். பல்லின் மேல் மூன்று பேர் உட்கார இடம் உண்டு. வாரோ முதலில் ஏறி, குனிந்து, என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குவான். விரலைப் பிடிக்க மாட்டான். விரல் வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது என்பான்.

மேலே போய்ச் சேர்ந்ததும் அவன் செய்வது ஒன்றே ஒன்றுதான். மல்லாந்து படுத்துத் தூங்குவான். கோடை முழுவதும் பாக்கி வைத்திருந்த தூக்கத்தை அந்தக் கல்லின் மேல்தான் தீர்ப்பான். பக்கத்தில் உட்கார்ந்து நான் காற்றில் அவன் தொப்பி பறக்காமல் பிடித்துக்கொண்டிருப்பேன்.

எங்களோடு நாபோரும் வருவான். வாரோவின் கூட்டாளி, என் மகளுக்கு ஞானத்தகப்பன். கூரைக்கு ஏறுவது வாரோ, கீழே நின்று ஏணியைப் பிடிப்பது நாபோர். அவன் உடம்புக்கு வேறு வழி இல்லை. மலையிலும் அதே ஏற்பாடுதான். தேரைப் பாறை வரை மூச்சு வாங்கிக்கொண்டு வருவான். அதற்கு மேல் இடுக்கில் அவன் வயிறு நுழையாது. அங்கேயே காற்று படாத பக்கமாக உட்கார்ந்து, கறி வைத்துச் சுருட்டிய ரொட்டிகளான புரித்தோக்களில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைக் காவல் காப்பான்.

வேலைக் காலத்தில் வாரோ எப்படி இருப்பான் என்று சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. விடிவதற்கு முன் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். குழந்தை இருக்கிற வீடு, கிழவர்கள் இருக்கிற வீடு, ரொட்டிக் கடை, பல் வைத்தியர். எல்லோரும் உடனே வரச் சொல்வார்கள். கருவிகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைத்திருப்பான், இல்லாவிட்டால் ஸ்பானர் கையைச் சுட்டுவிடும். நனைத்துப் போட்ட சட்டை ஏணியின் கடைசிப் படியிலேயே காய்ந்துவிடும். எங்கள் பழுதுபார்க்கும் கடை ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களைக் கழுத்து வரை நிரப்பி, கல்லாக உறைய வைத்து எடுத்துப் போவான். கூரையில் அது மத்தியானத்துக்குள் தண்ணீராகி, சாயங்காலத்துக்குள் வெந்நீராகிவிடும். இரவு வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே கண் மூடிக்கொள்வான். "சாப்பிடுறியா தூங்குறியா, ஏதாவது ஒண்ணு பண்ணு" என்பேன். "ரெண்டையும் ஒரே நேரத்துல முடிச்சிட்டா நாளைக்கு நேரம் மிச்சம்" என்பான் கண்ணைத் திறக்காமல். அப்படியே எங்களுக்கு வயதாகிவிட்டது.

ஓர் ஆகஸ்ட் மாதம், ரொட்டிக் கடை ஒன்றின் கூரை மேலேயே அவன் சுருண்டு விழுந்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நாபோருக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்பானர் சத்தம் நின்றுபோயிற்று, அவ்வளவுதான். சிகரெட் குடிக்கிறான் என்று நினைத்தானாம். பிறகு, இந்த மடையன் சிகரெட்டை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறதே என்று உறைத்திருக்கிறது. வாழ்நாளில் முதல் தடவையாக நாபோர் ஓர் ஏணியில் ஏறினான். ரொட்டிக் கடைக்காரர்கள் மாவுப் பலகையில் படுக்க வைத்துக் கயிறு கட்டி இறக்கினார்கள். வாரோவின் தலைமுடியில் மாவு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தபோது, ஒரே காலையில் நரைத்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது.

இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்றில் அடைப்பு. கம்பிச் சுருள் வைத்தார்கள். நடக்கலாம், மெதுவாக மலைக்குக் கூடப் போகலாம், ஆனால் வெயிலில் கூரை ஏறுவது இனி இல்லை என்று டாக்டர் சொன்னார். வாரோ தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நான் அறிவேன். வாடிக்கையாளர் "மெதுவா வாங்க, அவசரம் இல்ல" என்று சொல்லும்போதும் அப்படித்தான் ஆட்டுவான்.

செப்டம்பரில் ஒரு நாள், நாங்கள் வழக்கமாகப் போகும் சீனச் சாப்பாட்டுக் கடையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். நாபோர் ஏணியைப் பற்றிப் பேச்செடுத்தான். மாமியார் வழியில் ஒருவன் இருக்கிறானாம், உயரத்துக்குப் பயப்பட மாட்டானாம்.

"என்னைப் பொதைச்சிட்டுப் பேசுடா" என்றான் வாரோ.

"மச்சான், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ சொல்ல வந்தது எனக்கு வேணாம். நான் சொல்றத ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. நவம்பர்ல பல்லு மேல ஏறி நிக்கிறேன். நின்னா, மே மாசம் ஏணி என் தோள்ல. நிக்கலன்னா, ஏணிய நீ எடுத்துக்கோ. எவனை வேணா ஏத்திக்கோ."

"என்னையே ஏத்திக்கிட்டா?"

"உடையுற கூரைக்கு யாரு காசு குடுப்பா?"

நாபோர் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வாரோ என் பக்கம் திரும்பி, "என்ன கிழவி, சரிதானே?" என்றான். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டியை இளமையிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவான். நானும் கிழவா என்றுதான் கூப்பிடுவேன்.

"டாக்டர் சொன்னத விடப் பாறை சொல்றது பெருசாக்கும்" என்றேன்.

"டாக்டர எனக்கு ஆகஸ்ட்லேருந்துதான் தெரியும். பாறைய முப்பது வருஷமாத் தெரியும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாரோ எதையாவது இப்படிச் சொல்லிவிட்டால் அதன்படிதான் நடப்பான். அந்தப் பல்லின் உச்சியில் நின்றுவிட்டானானால், அடுத்த கோடையிலோ அதற்கடுத்த கோடையிலோ ஏதோ ஒரு கூரையில் ஸ்பானர் சத்தம் நிற்கும். அப்போது மாவுப் பலகை கிடைக்குமா என்று தெரியாது. அவன் ஏறக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் அவனுடைய பழைய காலணிக்குப் புது நாடா கோத்தேன்.

அந்த நவம்பர் ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது காற்று அடித்துக்கொண்டிருந்தது. மலைப்பாதை வளைவுகளில் வண்டி ஆடியது. கீழே பள்ளத்தில் துருப்பிடித்த பழைய லாரிகளும், ஓரத்தில் விபத்தில் செத்தவர்களுக்கு நட்ட வெள்ளைச் சிலுவைகளும் எப்போதும் போல. மேலே போய் இறங்கியபோது மூக்கு நுனி வலிக்கிற குளிர். வழக்கமாகப் பெரிய தண்ணீர்க் குடுவையை நாபோர்தான் சுமப்பான். அந்த வருஷம் அவனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. "குடுவை வண்டியிலயே இருக்கட்டும். நான் பாட்டில் கொண்டு வந்திருக்கேன்" என்றான் வாரோ. பையில் பாட்டில்களை அடுக்கியது நான்தான். கையில் ஜில்லென்று இருந்தது. நல்லதுதான் என்று நினைத்தேன்.

தேரைப் பாறை வரை நன்றாகத்தான் நடந்தான். நாபோரைக் கேலி செய்துகொண்டே வந்தான். நாபோர் உட்கார்ந்தான், பையிலிருந்து எங்களிடம் இரண்டு பாட்டில்களைக் கொடுத்தான், தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டான். புரித்தோ வெட்டுவதற்காக வாரோவின் கத்தியையும் வாங்கிக்கொண்டான். "ஏறிட்டுக் கைய ஆட்டு மச்சான். நான் இங்கேருந்து சாட்சி" என்றான்.

இடுக்கில் முதலில் அவன் போனான், பின்னால் நான். உள்ளே அவன் மூச்சு எனக்குக் கேட்டது. முன்பெல்லாம் அங்கே அவன் ஏதாவது பாடுவான். சாய்ந்த கல்லில் காலை அழுத்தி வைத்து, உள்ளங்கையை ஊன்றி, நாலு கால் பிராணி மாதிரிப் போக வேண்டும். பாதியில் நின்றான். "காட்சி நல்லா இருக்கு" என்றான். அங்கே காட்சி ஒன்றும் கிடையாது, எதிரே இன்னொரு கல்தான். நானும் நின்று அந்தக் கல்லைப் பார்த்தேன்.

பல்லின் அடியில், வேர் போலப் பிரிந்திருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதில் போய் உட்கார்ந்தோம். மேலே இன்னும் ஓர் ஆள் உயரம்தான் பாக்கி. உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அவனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு, "தண்ணி குடு" என்றான்.

பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். தலையை அண்ணாந்து கவிழ்த்தான். ஒன்றும் வரவில்லை. குலுக்கினான். சத்தமும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அடியிலிருந்து கழுத்து வரை ஒரே வெள்ளைக் கட்டி. இரண்டாவது பாட்டிலும் அதே மாதிரி.

அதற்குள் கீழேயிருந்து நாபோரின் குரல். "மச்சான்! இந்தப் பாட்டில்ல தண்ணிக்குப் பதிலா கல்லு வெச்சிருக்கான்டா எவனோ!"

நானும் வாரோவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நீ ஐஸ் மெக்கானிக்" என்றேன்.

"நீ சயின்ஸ் டீச்சர்" என்றான். "வருஷா வருஷம் பிள்ளைங்களுக்கு உருகுநிலைன்னு போர்டுல கோடு போட்டுக் காட்டுற. பைல அடுக்கும்போது கை சொல்லலயா?"

"ஃப்ரீசர்ல வெச்ச கை என்ன பண்ணுச்சு?"

"அந்தக் கை கூரைக்கு வெச்சுது. கை வேற எங்க போகும்?"

அது உண்மைதான். சமவெளிக்காரன் கை, பாட்டிலைப் பார்த்தாலே நிரப்பி உறைய வைத்துவிடும். தானாகவே உருகிவிடும் என்று நம்புகிற ஊர் அது. உருகாத இடம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

காலையில் தின்ற உலர் இறைச்சியின் உப்பு நாக்கில் இருந்தது. ஐஸை உடைக்கலாம் என்று வாரோ ஒரு பாட்டிலைப் பாறை விளிம்பில் ஓங்கி அடித்தான். இரண்டாவது அடியில் பிளாஸ்டிக் கிழிந்தது. உள்ளிருந்த கட்டி முழுசாக வெளியே வந்து, சாய்ந்த கல்லில் வழுக்கி, டொக் டொக்கென்று கீழே போயிற்று.

"டேய்! என்னைக் கொல்லப் பாக்குறியா?" என்று நாபோர் அலறினான்.

"தண்ணி கேட்டியே, அனுப்பியிருக்கேன்!"

மிஞ்சிய ஒரே பாட்டிலை வாரோ ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டான்.

"நெஞ்சுல கம்பி வெச்சிருக்காங்க, அது மேல ஐஸ் வைக்கிற" என்றேன்.

"வயித்துலதான் வெச்சிருக்கேன். கம்பி மாடியில இருக்கு."

"என்கிட்ட குடு."

"உன் உடம்புல சூடு எங்க இருக்கு? ராத்திரி காலைக் கொண்டு வந்து என் மேல வைக்கிறவதானே நீ."

அப்படியே காத்துக்கொண்டிருந்தோம். காற்று பாறைகளுக்கு நடுவில் புகுந்து ஊளையிட்டது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அவன் பாட்டிலை வெளியே எடுத்துப் பார்ப்பான், திரும்ப உள்ளே வைப்பான். இடையிடையே தலை நிமிர்ந்து, மேலே இருக்கிற அந்த ஓர் ஆள் உயரத்தைப் பார்ப்பான். கை வைக்கிற இடம் எது, கால் வைக்கிற இடம் எது என்று இருட்டில் கூடச் சொல்லுவான் அவன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"தண்ணி உருகட்டும். ரெண்டு மடக்கு குடிச்சிட்டு ஏறிடுறேன்" என்றான்.

"உருகலன்னா?"

"உருகலன்னா அது என் தப்பு இல்லயே. ஐஸால நின்னா கணக்குல வராது. அடுத்த வாரம் மறுபடி வருவோம்."

எனக்கு அலுப்பாக இருந்தது. கோபம் கூட இல்லை. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், பிறகு மே மாதம், தொலைபேசி, வாளியில் ஸ்பானர். ஸ்வெட்டருக்குள் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு, ஒடுங்கிக் குந்தியிருக்கிற இந்த மனிதன் இன்னும் எத்தனை கூரைகளில் ஏறுவான் என்று நினைத்தபோது எனக்கே தூக்கம் வரும்போல இருந்தது.

வாரோ காலை நீட்டித் தேய்த்துக்கொண்டான். "உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போச்சு. நீ மேல ஏறு."

"நானா? நீ மேலேருந்து தூக்காம நான் ஏறுனதே இல்ல."

"கீழேருந்து சொல்றேன். இந்தா, தொப்பியப் போட்டுக்கோ. காது வலிக்கும்." தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் அழுத்தினான். "எதுக்கு ஏறணும்னு கேக்காத. யாராவது ஒருத்தர் ஏறாம இவ்வளவு தூரம் வந்து என்ன பிரயோசனம்?"

ஏறினேன். இடது கை வெடிப்பில். வலது கால் முழங்கால் உயரத்தில் இருக்கிற குமிழில். "அவசரப்படாத. மூணு இருந்த இடத்துல இருக்கணும், ஒண்ணுதான் நகரணும். இப்ப அந்தக் கைய எடு. அதுக்கு மேல, இன்னும் மேல, அங்க ஒரு காது மாதிரி இருக்கும். பிடிச்சிட்டியா? அத நம்பு. இப்பக் கால மாத்து." என் கணுக்காலுக்கு அடியில் அவன் உள்ளங்கை இருந்தது. தள்ளவில்லை, அங்கே இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் நெஞ்சைக் கல்லோடு தேய்த்துக்கொண்டு மேலே புரண்டேன். முழங்கையில் தோல் உரிந்தது.

எழுந்து நின்றேன். கிழக்கே மலைக்குக் கீழே உப்பு ஏரி வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் எங்கள் ஊர் இருக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு புழுதி மூட்டம்.

"என்ன தெரியுது?" என்றான் கீழேயிருந்து.

"எப்பவும் தெரியுறதுதான்."

"ஊரு?"

"ஊரு தெரியல. புழுதி."

அப்போதுதான் தேரைப் பாறைப் பக்கமிருந்து நாபோர் கூச்சல் போட்டான். அவன் இருந்த இடத்திலிருந்து பல்லின் உச்சி மட்டும்தான் தெரியும். வெயிலுக்கு எதிரே நின்ற உருவமும், வாரோவின் தொப்பியும் அவனுக்குத் தெரிந்திருக்கின்றன.

"மச்சான்! ஏறிட்டியாடா! ஏறிட்டான்டா என் சிங்கம்! பாத்துட்டேன், நான் பாத்துட்டேன்! மே மாசம் ஏணி உனக்குத்தான்டா!"

சந்தோஷத்தில் அவன் குரல் உடைந்தது. எத்தனை வருஷமாக ஏணியைப் பிடித்தவன். மேலே வேறொருவன் நிற்பதை அவன் மட்டும் விரும்பியிருப்பானா?

நான் கீழே பார்த்தேன். பள்ளத்தில் வாரோ உட்கார்ந்திருந்தான். வழுக்கை விழுந்த உச்சந்தலை மட்டும் எனக்குத் தெரிந்தது. அவன் சும்மா இருந்தாலே போதும். நான் கையை ஆட்டினால் அதுவே அவன் கை என்று ஆகிவிடும். நாபோர் சாட்சி சொல்லுவான். நான் கையை ஆட்டவில்லை, இறக்கி வைத்திருந்தேன். வாரோ அண்ணாந்து என்னைப் பார்த்தான். நீண்ட நேரம் போல எனக்குத் தோன்றியது. பாறை இடுக்கில் காற்று ஊதிக்கொண்டே இருந்தது.

பிறகு இரண்டு கைகளையும் வாயருகே குவித்தான்.

"அது நான் இல்லடா! டீச்சரு!"

நாபோர் காதருகே கை வைத்தான்.

"என்ன?"

"டீச்சர்டா! நான் கீழ உக்காந்திருக்கேன்!"

காதருகே வைத்த கையை அவன் இறக்கினான். அப்புறம் மெதுவாக, அந்தத் தூரத்துக்குப் போதாத குரலில், நாபோர் கேட்டான். "அப்ப ஏணி?"

"உனக்குத்தான். எடுத்துக்கோ."

நான் இறங்கும்போது எந்தக் கால் எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இறக்கினான். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகு ஸ்வெட்டருக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தான். கட்டியைச் சுற்றி ஒரு மடக்கு அளவுக்குத் தண்ணீர் சேர்ந்திருந்தது. என்னிடம் நீட்டினான். பாதி குடித்துவிட்டுக் கொடுத்தேன்.

"ஐஸால நின்னா கணக்குல வராதுன்னு சொன்ன" என்றேன்.

"ஐஸால நிக்கல கிழவி. இங்க வந்து உக்காரும்போதே கால் ஆடுச்சு. தண்ணி கேக்குறதுக்கு முன்னாடியே. நீ பாக்கலயா?"

பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. அவன் மீதியைக் குடித்தான்.

அதன் பிறகு அவன் சந்தோஷமாக இருந்தான் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. கடைக்குள் மேசை முன் உட்கார்ந்து எரிந்த மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றினான். மே மாதத்தில் நாபோர் வண்டியில் ஏணி கடகடவென்று ஆடிக்கொண்டு போகும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிடுவான். சில நாள் பின்னாலேயே போய், தெருவில் நின்று, கூரையில் இருக்கிற புது ஆளுக்குக் கீழேயிருந்து கத்துவான். "மூலையில கால வைக்காதடா, ஊறியிருக்கு!" புது ஆள், "இந்தப் பெருசு வர்றதா இருந்தா நான் வரல" என்று நாபோரிடம் சொல்லிவிட்டான். வாரோ போவதை நிறுத்தினான். சாப்பாட்டின் முன்னால் கண் அசருவது நின்றது. அதற்குப் பதிலாக ராத்திரியில் விழித்துக்கொண்டு கிடந்தான். களைப்பு இல்லாமல் தூங்கத் தெரியவில்லை அவனுக்கு.

நவம்பர்களில் மட்டும் போனோம். தேரைப் பாறையோடு அவன் நின்றுகொள்வான், நாபோர் பக்கத்தில். அங்கே கல்லின் மேல் சாய்ந்து, அந்த ஒரு நாள் மட்டும் நன்றாகத் தூங்குவான். எழுந்ததும் நான் பல்லில் எங்கே இருப்பேன் என்று கணக்குப் போட்டு, கால் வைக்கும் இடத்தைக் கத்திச் சொல்லுவான். அங்கேயிருந்து அவனுக்கு என் கால் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொல்லுவான்.

இந்த வருஷம் வெயில் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டான். வீட்டில், ஜன்னலைத் திறந்து வைத்திருந்த அறையில், கட்டிலில். அந்தக் கல் அவனுக்குச் சில வருஷங்களைக் கொடுத்ததா, இல்லை அவற்றைச் சப்பென்று ஆக்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. மரிக்ரூஸ் கொடுத்தது என்கிறாள். இருக்கலாம். அடக்கத்துக்கு எனக்கு முகம் தெரியாத எத்தனையோ பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். எங்க வீட்டுக் கூரைக்கு வருவாரு.

நவம்பர் நெருங்கிவிட்டது. நேற்று நாபோர் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"ஞாயித்துக்கிழமை போவோமா டீச்சர்?"

"உன் முழங்கால்?"

"அது என்னைக்கு நல்லா இருந்துச்சு? தேரை வரைக்கும் நடந்திடுவேன். நீ பல்லு மேல ஏறுவல்ல?"

"கீழேருந்து சொல்ல ஆள் வேணும் நாபோர்."

"நான் சொல்றேன்."

"உனக்கு என்ன தெரியும்? நீ அங்க ஏறுனதே இல்ல."

"கத்துறதுக்கு ஏறித் தெரிஞ்சிருக்கணுமா என்ன?" என்றான். அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "தண்ணிக்குடுவைய நான் தூக்க முடியாது. அத மட்டும் சொல்லிட்டேன்" என்றான்.

வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். கடை ஃப்ரீசரின் அடியில் வாரோ நிரப்பி வைத்த பாட்டில்கள் இன்னும் கிடக்கின்றன, கழுத்து வரை. யாரும் தொடவில்லை. சனிக்கிழமை காலையிலேயே ஒன்றை எடுத்து வெளியே வைக்க வேண்டும்.